நமுத்துப்போன கார்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியும் அவருடைய குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் மடியில் பிரித்த கடிதம் ஒன்று கிடந்தது. ஆமத்தூர் தாண்டியதும் அவர் சத்தம் போட்டார்.

“காரு நமுத்துப் போச்சாம்லே!”

“யாரு சொன்னா, அண்ணாச்சி?”

“காரு செஞ்ச கம்பெனிக்காரன்தான். பெட்ரோல்லயும் ஓடும், கரண்டுலயும் ஓடும்னு சொல்லி வித்தான். வாங்கின ரெண்டு மாசத்துல நாலு தடவ நடுரோட்டுல நின்னுருச்சு. வேற புதுசு குடுன்னு எழுதினா, ஈரமான எடத்துல நிறுத்தியிருக்கீக, நாங்க பொறுப்பில்லைங்கான்.”

“ஈரமா? நம்ம ஊர்லயா?”

“மழை பேயாத சீமைன்னுதானலே இங்கன பட்டாசே போடுறோம்!”

குமாஸ்தா கடிதத்தை வாங்கி இரண்டு முறை மெதுவாகப் படித்தார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. வெடி வெடிக்கலைன்னு எழுதுறவுகளுக்கு நாமளும் இதையேதான் எழுதுறோம்.”

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“அதைப் படிச்சிட்டு அவுக சும்மாவா இருக்காக?”

“எங்க சும்மா இருக்காக? திரும்பத் திரும்ப எழுதுறாக. ஒரு சாக்கு நெறைய கெடக்கு. நீங்கதான் பிரிக்கவே வேண்டாம்னுட்டீக.”

சிவகாசியில் இறங்க எழுந்தபோது முதலாளி சொன்னார்.

“அந்தச் சாக்குல நல்லா காரசாரமா எழுதினது ஒண்ண எடு. வெடின்னு இருக்கிற எடத்துலயெல்லாம் காருன்னு மாத்தி, என் பேரப் போட்டு அனுப்பிரு.”