மூன்று தட்டு

கடற்காற்று பழைய வண்டிக்கு ஆகாது, ஐயா. ஸ்டேஷன் வாசலில் அதை மூடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள். முதலில் ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

'ஜாக் பழுதானதால் வண்டி இறங்கிவிட்டது' என்று நீங்கள் எழுதியிருப்பதாக ஏட்டையா சொன்னார். அதைத் திருத்தத்தான் வந்தேன். என் பெயர் ராஜாங்கம். இருபத்தெட்டு வருடம் மில்லில் ஃபிட்டர். நான் பராமரிக்கிற ஜாக் பழுதாகாது.

அந்த அறுபத்து நான்காம் வருடத்து ஃபியட்டை நானும் வெற்றிச்செல்வனும் தேங்காய்த்திட்டில்தான் கண்டுபிடித்தோம். உள்ளே மீன்கூடை அடுக்கி வைத்திருந்தார்கள். அவன் பெயரில் வாங்கி, முதலியார்பேட்டையில் அவன் வீட்டு ஷெட்டில் நிறுத்திப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டோம். துருப்பிடித்த தகட்டையெல்லாம் விரற்கடை விரற்கடையாக வெட்டி மாற்றியவன் நான். வெற்றி தங்கமான பிள்ளை. வாய் நிறைய அண்ணே என்பான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது சொன்னான்: "அண்ணே, கூரைய வெட்டிடலாம்னு இருக்கேன். தொறந்த வண்டின்னா டூரிஸ்ட்டுங்க நின்னு போட்டோ புடிச்சிக்குவாங்க. நோணாங்குப்பம் போட் ஹவுஸ் வரைக்கும் சவாரி உடலாம். திங்கக்கெழம வெட்ற ஆள் வராரு."

"கூரதாண்டா தம்பி அதுக்கு முதுகெலும்பு. வெட்டுனா நடுவுல தொங்கிப் பூடும்."

"வண்டிதானண்ணே, மனுசனா?" என்று சிரித்தான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்க வெற்றி அடியில் போனான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. ஒருவன் அடியில் போனால் மற்றவன் ஜாக்கை விட்டு நகரக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேச்சு கேட்காது என்பதால் ஸ்பேனரால் தகட்டைத் தட்டுவோம். இரண்டு தட்டு என்றால் எல்லாம் சரி. மூன்று தட்டு என்றால் வண்டியைத் தூக்கு. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் இது பிசகியதில்லை.

இரண்டு தட்டினான். முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டையைக் காலால் நகர்த்திவிட்டு, ஜாக்கின் பிடியைத் திருப்பினேன். மெதுவாகத்தான் திருப்பினேன். தடாலென்று இறங்கினால் வண்டிக்கு அடிபடும்.

பிறகு இன்ஜினை அணைத்தேன். அவன் மனைவி நிர்மலாதேவி இட்லி சாப்பிடக் கூப்பிட வந்தாள். அவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. பாவம், அவளை நினைத்தால் இப்போதும் மனது கஷ்டப்படுகிறது. மறுநாள் வெட்டுகிற ஆள் வந்தார். துக்க வீடு என்று வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

அடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வந்தது. தட்டினான். ஒன்பது தட்டு. பிடியில் கை வைத்தபடி எண்ணிக்கொண்டுதான் நின்றேன். எங்கள் வழக்கத்தில் ஒன்பதுக்கு அர்த்தமே கிடையாது, ஐயா. மூன்றோடு நிறுத்தியிருந்தால் சத்தியமாகத் தூக்கியிருப்பேன்.