முட்டைக்குள் வந்த நோயும் எங்கள் டாக்டரம்மாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் பண்ணை உரிமையாளர் அவர்களே, கால்நடை மருத்துவத் துறையிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, ஷெட்டிலும் குஞ்சு பொரிப்பகத்திலும் என்னோடு உழைக்கும் தோழர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் தங்கை அவர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த மனதோடு வணக்கம்.

குஞ்சு பொரிப்பகத்தின் பொறுப்பாளன் என்ற முறையில் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எங்கள் டாக்டரம்மா சொன்னதையே திருப்பிச் சொல்கிற பழக்கம் இல்லாதவர். நான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இந்தத் தாய்க்கோழிப் பண்ணைக்குக் கால்நடை டாக்டராக வந்தபோது நம் நிலைமை என்ன? முட்டையிடத் தொடங்கிய கோழிகள் மெலிந்து, கொண்டை வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கக் கட்டி. நம்மிடம் குஞ்சு வாங்கிய பண்ணைகளிலும் அதே சாவு. தீவனத்தைக் குறை சொன்னோம். தண்ணீரைக் குறை சொன்னோம். வெயிலைக்கூட விட்டுவைக்கவில்லை. டாக்டரம்மாதான் முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைச் சோதித்தார். தாயின் உடம்பிலிருக்கும் வைரஸ் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது என்று கண்டு சொன்னார். நோயோடு பிறக்கும் குஞ்சு, பெட்டியில் நெருக்கி நிற்கும் மற்ற குஞ்சுகளுக்கும் அதைக் கொடுக்கிறது. வேறு நோய்களுக்கான தடுப்பூசியை ஒரே ஊசியால் பெட்டி பெட்டியாகக் குத்திக்கொண்டிருந்தோமே, நாமும் நம் பங்குக்குக் கொடுத்தோம். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. வைரஸைச் சுமக்கிற தாயைக் கண்டுபிடித்து அகற்றுவது ஒன்றே வழி.

அந்தத் தாய்க்கோழி எப்படி இருந்தது? கொண்டை சிவந்து, இறகு பளபளத்து, தவறாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தது! அதைப் பிடித்துக் கொடு என்றால் யாருக்கு மனம் வரும்? அவர் ஷெட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ‘வெள்ளைக்கரு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் போனது. மஞ்சள்கரு என்று வைத்திருந்தால்தான் தப்பு என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, தனியாகத்தான் சாப்பிட்டார்.

முதல் சுற்றில் பிடிபட்ட கோழிகளையெல்லாம் அகற்றினோம். இனிப் பண்ணை சுத்தம் என்று மூச்சு விட்டோம். மிஞ்சிய கோழிகளின் அடுத்த தலைமுறையில் மறுபடியும் கட்டி. நம் உரிமையாளருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? இத்தனை கோழியை இழந்த பிறகும் நோய் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டார்.

“அது திரும்பி வரல சார். போகவே இல்ல” என்றார் டாக்டரம்மா.

ஒரு கோழி சில காலம் முட்டையில் வைரஸை விடும், சில காலம் விடாது. விடாத நேரத்தில் சோதித்தால் நல்ல கோழி என்று ஏமாந்துபோவோம். ஆகவே மறுபடியும் சோதிக்க வேண்டும், மறுபடியும், தலைமுறை தலைமுறையாக. ஒரு குஞ்சுக்கு ஓர் ஊசி, ஒரு தாயின் குஞ்சுகளுக்கு ஒரு பெட்டி என்று வைத்தார். வேலை ஆமை வேகத்தில் போனது. முணுமுணுத்தோம். அவர் அசையவில்லை.

அந்த ஒரு நோய் மட்டுமா? காலணியிலும் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வருகிற நோய்கள் வேறு இருக்கின்றன. அதனால் கோழி இருக்கும் வீட்டுக்குப் போனவர் மூன்று நாள் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் தலைமுடி காய்ந்து நான் பார்த்ததே இல்லை. இவருக்குச் சீக்கிரம் செதில் முளைத்துவிடும் என்று ஆட்கள் கேலி பேசுவார்கள்.

தங்கை அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கோழி உண்டு. அந்தக் கோழிதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அக்காவும் தங்கையும் தபால் நிலையத்து வாசலில் நின்று பார்த்துப் பேசிக்கொள்வார்கள். தங்கை மகளின் கல்யாணம் சோதனை நடந்த வாரத்தில் வந்தது. மூன்று நாள் விலகியிருந்தால் சோதனையைப் பார்க்க வேறு டாக்டர் இல்லை. நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். டாக்டரம்மா கல்யாண வீட்டுக்கு எதிர்ச்சாரியிலேயே இறங்கி நின்றார். தங்கை தெருவைக் கடந்து வந்து கேட்டார்.

“உள்ள வராதவ எதுக்குக்கா இவ்வளவு தூரம் வந்த?”

“பாக்கணும்போல இருந்துச்சு.”

அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்து கையசைத்தார்கள். இவரும் அசைத்தார். திரும்பும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

போன வாரம், ஒரு மத்தியான நேரத்தில், தன் குடியிருப்பில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் யாரும் இல்லை.

அவரை அடக்கம் செய்த பிறகு கடைசிச் சுற்றின் முடிவு வந்தது. ஒரு கோழியிடமும் வைரஸ் இல்லை. முந்தைய தலைமுறையிலும் இல்லை, இதிலும் இல்லை! பழக்க தோஷத்தில் தாளை எடுத்துக்கொண்டு அவர் குடியிருப்புக்கே நடந்துவிட்டேன். பூட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தங்கைக்குப் போன் செய்து, பண்ணையில் நோய் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

“அப்ப இனிமே அக்கா வீட்டுக்கு வரலாம்ல?” என்று கேட்டுவிட்டார்.

நோய் தீர்ந்ததும் வந்து தங்குகிறேன் என்று அக்கா சொல்லி வைத்திருந்தாராம்.

உரிமையாளர் அவர்களே, இந்தக் கூட்டத்தின் முன்னிலையில் கேட்கிறேன். வரப்போகும் டாக்டர் ஒருவராக வேண்டாம், இருவராக வரட்டும். டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே கோரிக்கை இது.

தோழர்களே, இரண்டு முறை நல்ல முடிவு வந்ததென்று நாம் கை கட்டி உட்காரப் போவதில்லை. அடுத்த தலைமுறையையும் சோதிப்போம், அதற்கடுத்த தலைமுறையையும் சோதிப்போம். அவருக்கு நாம் தரும் வாக்கு அது. நாளைக் காலையில் சோதனைக்கு முட்டை எடுக்க வேண்டும். முட்டை அடுக்கும் தட்டுகளை இன்னும் கழுவவில்லை. கூட்டம் முடிந்ததும், வர முடிந்தவர்கள் என்னோடு வாருங்கள்.