மூன்று முறை தாக்கப்பட்ட கோட்டை

வைக்கிங்குகளின் தலைக்கவசத்தில் கொம்பு இருந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஒஃபிசர். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

பத்மநாதன் அங்கிளுக்கு அறுபது வயது. பிறந்தநாளுக்கு ஸ்காபரோவில் மண்டபம் எடுத்திருந்தார். அவருடைய மனைவி யோகமலர் அன்ரி கேக் மட்டும் போதும் என்றார். அங்கிளுக்குக் கோட்டை வேண்டும். மைத்துனர்மார் வைக்கிங்குகளாகப் படகில் வந்து தாக்குவார்கள். மருமக்கள் குடியானவர்களாகக் கிளர்ச்சி செய்து கோபுரக் கதவைத் திறப்பார்கள். அரசரான அங்கிள் புகைக்கு நடுவே வெளியே வந்து இரண்டு தரப்பையும் மன்னித்துவிட்டுக் கேக் வெட்டுவார்.

நான் மேடை அலங்காரம் செய்கிறேன். வேதியியல் பட்டதாரி. கோபுரத்தை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் நானே வெட்டி ஒட்டினேன். அங்கிள் கொம்பு வைத்த கவசங்களோடு வந்தார். கொம்பு பிழை என்றேன். எனக்குப் பேசுவது கஷ்டம். அந்த ஒரு வசனத்தைக் காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"உம்மை ஆர் பிள்ளை கேட்டது?" என்றார். "வைக்கிங் வந்து முறைப்பாடு குடுக்கட்டும், அப்ப பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். பகிடி நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ட்ரை ஐஸ். புகைக்கு ஒரு வாளி தாராளம். கோபுரத்துக்குள் ஐந்து வாளி வைக்கச் சொன்னார். வைத்தேன். உள்ளே ஒரு கதிரைக்குத்தான் இடம். ட்ரை ஐஸ் தண்ணீராவதில்லை, நேரே காபனீரொட்சைட்டு வாயுவாகிறது. அது போக வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மூச்சுவிட முடியாது. யன்னல்களை நான் வர்ணத்தில் வரைந்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

அங்கிள் உள்ளே போய் உட்கார்ந்தார். கதவு ஆடினால் படம் பழுதாகும் என்றார் வீடியோ எடுக்கும் றூபன் அண்ணை. வெளியே கொளுக்கி போட்டேன். எங்கள் கொண்டாட்டங்களில் வீடியோக்காரர் சொல்வதுதான் சட்டம். அவருக்காகத் தாலியைக்கூட இரண்டாம் முறை கட்டியிருக்கிறார்கள்.

முதல் தாக்குதலில் ஒரு வைக்கிங் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தாக்குதல் திறமாக வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் கதவருகே வந்துவிட்டார்கள். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

"மாமா ஓவரா அக்ட் பண்ணுறார்," என்றாள் ஒரு மருமகள்.

அப்போதுதான் நான் பேசினேன்.

"றூபன் அண்ணை, இன்னொருக்கா எடுப்பமா? வெளிச்சம் காணாது."

அவர் திரையைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி. உமக்கு நல்ல கண். எல்லாரும் பின்னுக்குப் போங்கோ, முதல்லயிருந்து."

வெளிச்சம் போதுமாகத்தான் இருந்தது.

மூன்றாம் தாக்குதலின்போது தட்டல் கேட்கவில்லை. கொளுக்கியைக் கழற்றியதும் புகை மிக அழகாக வழிந்தது. அதன் பின்னால் அங்கிள் கிரீடத்தோடு சரிந்து விழுந்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அன்ரி மட்டும் ஓடி வந்தார்.

கோபத்தில் செய்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கோபமே இல்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் வாயைத் திறந்து ஒரு கருத்துச் சொன்னேன், உடனே ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதையே நான் மறந்துவிட்டேன்.