சாமோஸ் மலைக்குள் ஒரு வளைவு

— இன்னொருக்கா பாறைல காதை வெச்சுப் பாரு அம்மிணி. எங்கண்ணன் பக்கத்துச் சம்மட்டிச் சத்தம் நேரா வருதா, இடது பக்கமா வருதா?

— இடது பக்கந்தானுங்க. கிட்டத்துலயே கேக்குது.

— பாத்தியா? அவன்ற கெணத்துலருந்தும் என்ற கெணத்துலருந்தும் நேருக்கு நேரா வெட்டிச் சுரங்கத்தைச் சேக்கோணும்னு ஊரே உக்காந்து பேசுச்சு. அங்க தலைய ஆட்டிப்போட்டு, இங்க ஆளுகளை உட்டுக் கோட்டை உட்டு விலகி வெட்ட வெக்கறான். அவன் கெணத்து ஊத்துத் தண்ணி அவங்கிட்டயே நிக்கோணும், என்ற வெத்தலைக்கொடி காயோணும்னு பாக்கறான். நான் இன்னையோட நிறுத்திப்போடறேன்.

— பொறுங்க, பொறுங்க. இதே கூத்து சாமோஸ்லயும் நடந்துச்சுங்க!

— அது எந்தூரு? சங்ககிரிப் பக்கமா?

— கிரேக்க நாட்டுல ஒரு பழைய பட்டணமுங்க. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தோணும்னு படிச்சேன். ஊருக்கும் ஊத்துக்கும் நடுவுல மலை. ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி அதை ரெண்டு பக்கமிருந்தும் குடைஞ்சாங்க. அர மைலுக்கும் மேல! இப்பத்தான் ஜெர்மன்காரங்க உள்ள அடைஞ்ச மண்ணை வாரிப் போட்டு, உளி பட்ட தடத்தையெல்லாம் அளந்து பாத்திருக்காங்க.

— அங்கயும் அண்ணன் தம்பி சண்டையா, டீச்சரம்மா?

— பாறை பண்ணுன சண்டைங்க. மோசமான பாறை வந்து ஒதுங்கி வெட்டுனதுல கோடு தப்பிப்போச்சு. அந்த வேலைய நடத்துன மேஸ்திரி என்ன பண்ணுனான் தெரியுங்களா? நடுவுல வந்ததும் நேராப் போறதையே உட்டுட்டான். வேணும்னே வளைச்சான்!

— வளைச்சா இன்னும் தள்ளியில்ல போவும்?

— இங்க பாருங்க, தரைல கிழிக்கறேன். இது நீங்க, இது அவரு. ரெண்டு கோடும் நேராவே போனா, தொடாமத் தாண்டிரும். நீங்க குறுக்க திரும்புனா? அவரு கோட்டை வெட்டித்தான ஆகோணும்!

— அட! செரி, அவன் மேலயோ கீழயோ இருந்தா?

— அதுக்கும் வழி வெச்சான்! ஒரு பக்கம் கூரையை ஒசத்தி, மறுபக்கம் தரையைத் தாழ்த்துனான். எப்படியும் மாட்டித்தான ஆகோணும்.

— பலே கெட்டிக்காரனா இருக்கறானே! எடு அந்த உளிய. லாந்தரைத் தூக்கிப் புடி. இடது பக்கம் போட்டுப் பாத்தர்லாம்.

— மெதுவாங்க, சில்லு கண்ணுல தெறிக்கப்போவுது!

— நீ தள்ளி நில்லு.

— ஏனுங்க, மத்தியானம் தாண்டிருச்சு. கஞ்சி குடிச்சுப்போட்டு வெட்டுங்க.

— கஞ்சி கெடக்கட்டும்! சத்தம் மாறுது, கேட்டியா? டொப்பு டொப்புங்குது. அக்கட்ட வெறும் பொந்துதான்!

— இன்னுங் கொஞ்சம் கீழ அடிங்க! ஐயோ, பொத்தல் உழுந்துருச்சுங்க! வெளிச்சம் தெரியுதுங்க! சாமோஸ் மேஸ்திரி செயிச்சுட்டான்!

— ஏப்பா, யாரு அங்க உளி புடிக்கறது? எங்கண்ணனைக் கூப்புடுங்க. நாலு வார்த்தை கேக்கோணும்.

— நாந்தாஞ் சாமி, உங்கண்ணன். ஆளுக பாறையப் பாத்துப் பயந்து மொத நாளே ஓடிப்போயிட்டாங்க. நேராப் போவுதான்னு பாத்துச் சொல்லக்கூட ஒருத்தனில்ல, நான் ஒண்டியாத்தான் வெட்டிட்டு வாரேன்.