செத்தவர் எழுதிய புத்தகம்

"ஹலோ... ஆமா, வீட்ஸ்கெதான்... சொல்லுங்க புரொபசர்... ஆமா, ஆமா, என் கட்டுரை இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. படிச்சீங்களா?"

வீட்ஸ்கெ ரோர்டா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். மறுமுனையில் ஹூபெர்ட் தெர் ஹார். பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவம் என்றால் நெதர்லாந்தில் முதலில் சொல்லப்படும் பெயர். ஒரு காலத்தில் அவளுக்கு ஆய்வு வழிகாட்டி.

"கத்தாதீங்க... இதுல பொய் எங்க இருக்கு? உயிரைப் பத்தின, எழுதினவர் பேரில்லாத அந்தக் கையெழுத்துப் புத்தகத்தை எழுதினது டெவென்டர் ஊர் வைத்தியர் யோஸ்ட் ப்ராம்னு சொன்னீங்க. அதுல 1672-ல பிரெஞ்சுக்காரன் படையெடுத்தது வருது. வைத்தியரைப் புதைச்சது 1669-ல. சர்ச்சுப் பதிவேட்டை என் கண்ணால பார்த்தேன். செத்தவர் எந்திரிச்சு வந்தா எழுதினார்?...

"பழசைக் கிளறுறேனா? சரி, கிளறுறேன். கையெழுத்தை ஒப்பிட்டு, வைத்தியர்தான்னு குறிப்பு எழுதி உங்க மேசையில வெச்சது யாரு? அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. நீங்க அதை உங்க பேர்ல போட்டுப் பேராசிரியர் ஆனீங்க. எனக்கு, 'ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை'ன்னு ஒரு கடுதாசி. ஒன்பது வருஷம் ஸ்வோல்லெயில பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேன்."

தண்ணீர் குடித்தாள்.

"...இந்தத் தப்பு எனக்கு எப்பலேருந்து தெரியும்னா? பதினோரு வருஷமாத் தெரியும்... எதுக்குச் சொல்லணும்? வைத்தியரைப் பத்தின உங்க நூலோட மூணாவது பாகத்தையும் நீங்க எழுதி முடிக்கட்டும்னு இருந்தேன்... ஆமா, கல்நெஞ்சுக்காரிதான். திருடினதுதான் திருடினீங்க, சரிபார்த்துத் திருடியிருக்கக் கூடாதா?...

"புரொபசர்?... அழறீங்களா?"

ஒரு கணம் அவளுக்கே ஒருமாதிரி இருந்தது. பிறகு அவர் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னது? வெள்ளிக்கிழமை நீங்க ஓய்வுபெறும் விழாவுல, அத்தனை பேர் முன்னாடியும் சொல்லுவீங்களா?... இன்னொரு தடவை சொல்லுங்க... 'தப்பு என்னோடது இல்ல, வீட்ஸ்கெ பண்ணினது'ன்னா?... சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. 'அது அவ கண்டுபிடிச்சது, நான் எடுத்துக்கிட்டேன்'னு சொல்லாம, தப்பை மட்டும் எப்படி என் தலையில கட்டுவீங்க?...

"நான் முன்வரிசையிலதான் உட்காருவேன், புரொபசர்... ஹலோ? ஹலோ?"

அவர் வைத்துவிட்டிருந்தார்.