ஏட்டையா குறட்டைக்கு வைத்தியம்

…பின்ன என்னம்மா, அருவித் தண்ணி மண்டையில விழுந்தா குறட்டை நிக்கும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? சொன்னவன் சொல்லிட்டுப் போயிட்டான். பதினோரு நாளா நான்லா இங்கன துணியக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்! சாரல்ல நனைஞ்சு நனைஞ்சு இப்ப எனக்குத்தான் மூக்கடைப்பு. இங்கன தள்ளி உக்காரு, அங்கன ஒழுகுது. உன் வீட்டாளுவ குளிச்சிட்டு வர நேரமாகும். பையைக் காலுக்கு நடுவுல வச்சுக்கோ, குரங்கு தூக்கிட்டுப் போயிரும்.

அந்தா, எண்ணெய் வடிய உக்காந்திருக்காவல்லா… அந்தத் தொந்தி இல்ல, அதுக்கு அடுத்த தொந்தி. அவியதான் எங்க வீட்டு ஆளு. தென்காசியில ஏட்டையான்னா எல்லாருக்கும் தெரியும். ரிட்டையராகி நாலு வருசம் ஆச்சு. தேய்ச்சுவிடுத மாடன் முதுகுல ரெண்டு தட்டு தட்டுதான் பாரு… அது தேய்க்கதுக்கு இல்ல, முழிக்க வைக்கதுக்கு. உக்காந்தவாக்குல தூங்கிருவாவ!

வியாதி பேரா? என்னமோ ஆப்னியாவாம். தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருமாம். திருநெல்வேலியில ஒரு டாக்டர் மண்டையெல்லாம் வயரை ஒட்டிப் படுக்க வச்சுப் பாத்தாரு. மணிக்கு முப்பத்தாறு தடவ நிக்குதாம். இப்படியே விட்டா இருதயத்துக்கு ஆகாதுன்னு, மூக்குல மாட்டிக்கிட்டுப் படுக்க ஒரு மிஷினு எழுதிக் கொடுத்தாரு. மவ ஜெயபிரியா மறுநாளே வாங்கி அனுப்பிட்டா.

மிஷினா? அது… ரிப்பேரு. அதை விடு. வைத்தியத்தைக் கேளு.

வடகரையில ஒரு வைத்தியரு மூக்குல விட தைலம் கொடுத்தாரு. விட்டாவ. தும்மினாவ பாரு, விடிய விடிய! தூங்கினாத்தான குறட்டை? ஒரு வகையில பலிச்ச மாதிரிதான்.

பொறவு பக்கத்து வீட்டு ஜன்னத்து சொன்னா. மல்லாக்கப் படுத்தாத்தான் குறட்டை, பனியன் முதுகுல ஒரு பந்தை வச்சுத் தைச்சிரு, பெரளமாட்டாவன்னா. பந்துக்கு நான் எங்க போவேன்? தேங்காய்ச் சிரட்டையை வச்சுத் தைச்சேன். அலறுன அலறல்ல ஜன்னத்தே எந்திரிச்சு வந்துட்டா.

அதோட விட்டாவளா? மருமவன் மணிகண்டபிரபு போன்ல எதையோ பாத்துட்டு, "மாமா, சங்கு ஊதினா தொண்டைச் சதை இறுகுமாம்"னுட்டாரு. அவ்வளவுதான்! இங்கன கடையில ஒரு சங்கை வாங்கி, விடியக்காலம் மொட்டை மாடியில ஏறி ஊதுனாவ. எங்க பக்கம் விடியக்காலம் ஒரு வீட்டுல சங்கு ஊதினா என்னம்மா அர்த்தம்? உங்க ஊர்லயும் அதேதான? தெருவே கூடிட்டு. எதுத்த வீட்டு முப்பிடாதியம்மாள், "ஏட்டையா, போயிட்டீயளா!"ன்னு தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு உள்ள வாரா. "ஏ முப்பிடாதி, நான்தாம்ளா ஊதுதேன்!"னு மேல நின்னு கத்துதாவ. மாலையோட வந்தவன் அதை என்ன செய்யன்னு தெரியாம அவிய கழுத்துலயே போட்டுட்டுப் போயிட்டான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அடுக்களைக்குள்ள போயித்தான்… சரி, அதை விடு.

அப்புறந்தான் இந்த அருவி. கேட்டியா, நேத்து இங்கருந்து போறோம். இலஞ்சி தாண்டி வண்டி ஒரே சீரா வயலுக்குள்ள இறங்குது. எதுத்தாப்புல ஆளில்ல, மாடில்ல. நான் பின்னால உக்காந்து எங்க தெரு இசக்கிமணி மவ கல்யாணத்தைப் பத்திப் பேசிக்கிட்டு வாரேன்… சேத்துல எந்திரிச்சு நின்னு, "பிரேக் பிடிக்கல"ங்காவ. பிரேக் இல்லம்மா. தூக்கம். இந்தா, முழங்கையைப் பாரு. வலப்பக்கம் சாஞ்சிருந்தா, பின்னாலயே வந்த கேரளா லாரிக்கு அடியில போயிருப்போம்.

என்னம்மா நீ, திரும்பத் திரும்ப மிஷினையே கேக்கே?

…ரிப்பேரு இல்ல. போதுமா? நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்.

முறைக்காத. கேளு. முத நாள் மாட்டிப் படுத்தாவ. ஒரு சத்தம் இல்ல. நாப்பத்தோரு வருசம்மா! நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து படுத்து, அந்தக் குறட்டை கேட்டாத்தான், ஆளு வீடு வந்து சேந்தாச்சுன்னு நான் கண்ணை மூடுவேன். அன்னைக்குப் பாத்தா முகமூடி, குழாயி, அசைவே இல்ல. எங்க அண்ணன் கொரோனாவுல கடைசியா அப்படித்தான் கெடந்தாரு. போன்லதான் காட்டுனாவ. லைட்டைப் போட்டுப் போட்டுப் பாத்தேன். நாலு நாள் பொறுத்தேன். அஞ்சாம் நாள் எடுத்து ஒளிச்சுட்டு, கம்பெனிக்காரன் ரிப்பேருக்குக் கொண்டுபோயிட்டான்னுட்டேன். நம்பிட்டாவ! முப்பது வருசம் திருடன் பிடிச்ச மனுசன்!

டாக்டர் சொன்னது புரியாமலா இருக்கேன்? நான் ஆறுதல்னு கேட்டுக்கிட்டுக் கெடந்த சத்தம், அவிய மூச்சுக்கு மல்லுக்கட்டுன சத்தமாம். இப்பப் போயி எப்படிச் சொல்ல? திட்டமாட்டாவ. சிரிப்பாவ. அதைத்தான் என்னால தாங்க முடியாது.

ஏம்மா… எங்க எந்திரிக்கே? பையை விட்டுட்டுப் போறியே… அங்கன எதுக்கு? ஆம்பளையாளு எண்ணெய் தேய்க்குத எடம்! ஏ தாயி, நில்லு… அவியகிட்ட சொல்லிராத… ஏ!

…சரி. சொல்லு. நீயே சொல்லிரு. இம்புட்டும் பேசுத எனக்கு அந்த ஒண்ணைச் சொல்லத்தான் வாய் வரல.

ஏம்மா! எங்க இருக்குன்னு கேட்டா அரிசி டிரம்முலன்னு சொல்லு! பச்சரிசி டிரம்மு! இன்னைக்கே எடுத்து மாட்டிவிடுதேன்னும் சொல்லு… நல்லாச் சத்தமாச் சொல்லும்மா, காதுல எண்ணெய் விட்டிருக்கு!