பின்பாரம்

ஐயா, பழைய ராணுவ ஜீப்பின் வேகத்தைத் திருப்பத்தில் குறைக்கக் கூடாது; திருப்பம் வருவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. அவ்வகை வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில், வருகிற ஒவ்வொருவரிடமும் இதைப் பணிவுடன் சொல்லிவந்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தாங்கள் கேட்ட தோட்டாப் பெட்டிக்கு வருகிறேன். அந்த ரக ஜீப்பின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடுபவை. பின்னால் பாரமில்லாமல் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்ளே மடங்கும். வண்டி குட்டிக்கரணம் போடும். ஆகவே பழைய தோட்டாப் பெட்டி ஒன்றில் மணலை நிரப்பி, இருக்கைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டுவோம். பட்டறையில் அதற்குப் பின்பாரம் என்று பெயர். என் தங்கையின் கணவருடைய ஜீப்பில் அதை வைத்தவன் நானே. மாப்பிள்ளை சிரித்தார்.

"என்ன மச்சான், விட்டா ஜீப்புக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டும் பாடுவீங்க போலிருக்கே?"

"இல்லீங்க மாப்பிள்ளை, பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

மாப்பிள்ளையைக் குறை சொல்வது என் வளர்ப்புக்கு அழகல்ல. நடந்ததை மட்டும் சொல்கிறேன். சென்ற மழைக்காலத்தில், என் பட்டறையிலேயே, ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் புகைக்குழாயில் தங்கையின் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கேட்ட ஸ்பேனரை விட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். நான் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வரவில்லை. கணவன் மனைவிக்கு நடுவில் மூன்றாம் ஆள் நுழைவது முறையல்ல என்று எண்ணினேன். பிறகு அவள், "கை தவறிப் பட்டுடுச்சுண்ணா" என்றாள். குழாயில் ஒட்டியிருந்த தோலை மறுநாள் நான்தான் சுரண்டி எடுத்தேன்.

அன்றே பெட்டியைத் திறந்து மணலைக் கொட்டினேன். கழிவுப் பஞ்சை அடைத்து, பழையபடி பூட்டினேன்.

ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. தனியே போனால் மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டுவார். தங்கை பக்கத்தில் இருந்தால் மட்டுமே, அவளை அலறவைத்துப் பார்ப்பதற்காக வேகத்தைக் கூட்டுவார். ஆகவே, ஞாயிறு காலை அவரும் நானும் ஆளுக்கொரு ஜீப்பில் போகவிருந்த மலைப்பாதை ஓட்டத்திற்குத் தங்கையையும் நானே வரச்சொன்னேன்.

புறப்படுபவரிடம் நாம் 'போங்க' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாங்க' என்பதே மரியாதை. நாற்பத்தாறு வயதுவரை அதில் நான் தவறியதில்லை. அன்று மாப்பிள்ளையிடம், "சரி, போங்க" என்று மட்டும் சொன்னேன்.

தங்கை சிரித்துவிட்டாள். "என்னண்ணா, என் வீட்டுக்காரர் திரும்பி வர வேண்டாமா?"

"வராம எங்கடி போகப் போறேன்? வாய மூடிட்டு ஏறு," என்றார் அவர்.

"நீ போயிட்டு வாம்மா," என்றேன்.

நான் வேறொரு ஜீப்பில், போதிய இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தேன். கல்குவாரித் திருப்பத்தில் அவள் அலறியது எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை திருப்பத்தின் நடுவில் பிரேக்கை மிதித்தார். நான் பலமுறை எச்சரித்த தவறு அது. வண்டி இருமுறை புரண்டு தலைகீழாக நின்றது. முன்கண்ணாடிச் சட்டம் அவர் கழுத்தில் பாதிவரை இறங்கியிருந்தது. உயிர் இருந்தது. வண்டியைத் தூக்கும் ஜாக்கி என்னிடம் இருந்தது. அவர் மூச்சு நிற்கும்வரை அதை என் ஜீப்பிலிருந்து நான் இறக்கவில்லை. அவ்வளவு நேரமும் வண்டிக்கு அடியிலிருந்து, உள்ளங்கையில் தழும்புள்ள கை ஒன்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மூச்சுக்கு முன்பே அது நின்றுவிட்டது.

மாப்பிள்ளையைக் கொன்றவன் நான்தான், மறுக்கவில்லை. தங்கையின் சாவை மட்டும் குற்றப்பத்திரிகையில் என் பெயரில் எழுத வேண்டாம் எனத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் நான் 'போயிட்டு வா' என்றுதான் சொன்னேன்.